பூட்டிக்கொண்ட ஜாதகம்

வெள்ளரிப்பாளையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பஸ்ஸில் தூங்கிப்போனவர்கள் திடுக்கிட்டு விழிக்கும் இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால் என்பார்கள். அந்த ஊரில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவர் சென்னியப்பன். அடுத்தவர் நாச்சிமுத்து. கடைசி குழந்தைசாமி. குழந்தைசாமிக்கு வயது முப்பத்தெட்டு.

மூவரும் தங்கமான மனிதர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். தொந்தரவே அதுதான். ஒரு கல்யாணத் தரகர், "வரிசைப்படி மூணு பேருக்கும் முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மூவரும் பள்ளிக்கூடத்தில் நின்றதுபோல உயர வரிசையில் நின்று பார்த்தார்கள். குள்ளமானவன் முதலில் வந்தான். அன்றிலிருந்து குழந்தைசாமிக்குத்தான் பெண் தேடினார்கள்.

பெண் தேடுவதற்காகவே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். குழந்தைசாமியின் ஜாதகத்தை டவுனில் ஸ்கேன் செய்து அதில் ஏற்றினார்கள். அந்த வாரம் பேப்பரில், 'இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான், காகிதத்துக்கு வேலை இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். சென்னியப்பன் அதைச் சத்தமாகப் படித்தார்.

"வேலை இல்லாதவனை வீட்டில் வெச்சிருந்தா கெட்டுப் போவான்" என்றார் நாச்சிமுத்து.

எனவே காகித ஜாதகம் வெந்நீர் அடுப்புக்குள் போனது. அன்றைக்கு வெந்நீர் சீக்கிரம் காய்ந்தது என்பதை மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

பதினேழு பெண் வீடுகள் தட்டிப்போன பிறகு, பதினெட்டாவதாக ராக்கியண்ணன் வீடு அமைந்தது. பெண் பெயர் கோகிலவாணி. போட்டோவில் சிரிக்கும்போது முன்பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி தெரிந்தது. அந்த இடைவெளியைப் பார்த்த நாளிலிருந்து குழந்தைசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் பெற்றவர்களும் ஜோசியரோடு வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கேயே ஜாதகம் பார்த்து, பொருந்தினால் அங்கேயே பேசி முடிப்பதாக ஏற்பாடு.

புதன்கிழமை காலையில் கம்ப்யூட்டருக்கு ஒரு மெயில் வந்தது. 'உங்கள் பார்சல் காத்திருக்கிறது. இணைப்பைத் திறக்கவும்' என்று அதில் இருந்தது.

"நாம எதுவும் வாங்கலையேண்ணா" என்றான் குழந்தைசாமி.

"வாங்காமலே வருதுன்னா எவ்வளவு நல்ல மனசு பாரு" என்றார் சென்னியப்பன். "திறக்கச் சொல்றாங்க. திறக்கலைன்னா மரியாதையா இருக்குமா?"

திறந்தார்கள். 'இந்தக் கோப்பு ஆபத்தாக இருக்கலாம். தொடரவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. மூவரும் கலந்து பேசினார்கள். நல்ல காரியத்தைப் பாதியில் நிறுத்துவது அபசகுனம் என்று முடிவாயிற்று. 'ஆம்' என்பதை நாச்சிமுத்து அழுத்தினார்.

சற்று நேரம் பெட்டி உர்ரென்று இரைந்தது. ஒவ்வொரு கோப்பின் பெயரும் மாறி, கடைசியில் புரியாத எழுத்துகளாக ஒரு வால் முளைத்தது. பிறகு திரை முழுக்கச் சிவப்பானது. நடுவில் ஒரு மண்டையோடு. அதன் கீழே இப்படி எழுதியிருந்தது: 'வணக்கம்! உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன. சாவி வேண்டுமானால் பணம் கட்டுங்கள்.' அடியில் ஒரு மெயில் முகவரி.

"மொதல்ல வணக்கம் சொல்லியிருக்கான்" என்றார் சென்னியப்பன். "நல்ல குடும்பத்துப் பையன்."

குழந்தைசாமி மட்டும் திரையருகே குனிந்தான். ஜாதகத்தைத் தொட்டுப் பார்த்தான். திறக்கவில்லை. கோகிலவாணியின் போட்டோவைத் தொட்டான். அதுவும் திறக்கவில்லை. "அண்ணா, ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டான்.

"அழாதே. பூட்டுன்னுதானே சொல்றான்? பூட்டுக்காரரைக் கூட்டிட்டு வர்றேன்" என்று நாச்சிமுத்து கிளம்பினார்.

பூட்டு ரிப்பேர் காசிம் பாய் ஒரு வளையம் நிறையச் சாவிகளோடு வந்தார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "சாவி போடற ஓட்டை இல்லீங்களே" என்றார். சென்னியப்பன் பெட்டியின் முன்னால் பென்டிரைவ் செருகும் ஓட்டையைக் காட்டினார். காசிம் பாய் அதைக் குனிந்து பார்த்து, நிமிர்ந்து மூவரையும் பார்த்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "இது திண்டுக்கல்லில் செஞ்ச பூட்டு இல்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் தேவசகாயம், தங்கை கல்யாணத்துக்காக நாகர்கோவிலில் இருந்தார். போனில் பிடித்தார்கள். பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது.

"ஐயோ, அது பணம் பறிக்கிற வைரஸ் ஆச்சே!" என்று தேவசகாயம் கத்தினார். "நான் திங்கக்கிழமைதான் வர முடியும். அதுவரைக்கும் சொல்றதைச் செய்யுங்க. மொதல்ல நெட்டைக் கழட்டிருங்க. இரண்டாவது, பணம் கட்டாதீங்க. கட்டினாலும் அவன் திறந்து விடுவான்னு நிச்சயம் இல்லை. மூணாவது, பெட்டியை வேற எதோடும் சேர விடாம தனியா வைங்க."

மூன்றையும் சென்னியப்பன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

நெட்டைக் கழட்டினார்கள். வீட்டில் மூன்று கட்டில்கள், மூன்றிலும் கொசு நெட். மூன்றையும் கழட்டி மடித்து வைத்தார்கள். பணம் கட்டக் கூடாது என்றாரே என்று, அலமாரியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்த ரூபாய்களை நாச்சிமுத்து அவிழ்த்துவிட்டார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டுகள் வீடு முழுக்கப் பறந்தன. பொறுக்கலாமா என்று பேசி, பொறுக்கினால் மறுபடி கட்டத் தோன்றும் என்பதால் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மூவரின் முகமும் கொசு கடித்துப் பணியாரம்போல் வீங்கியிருந்தது. தேவசகாயம் கூப்பிட்டார்.

"நெட்டைக் கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டோமுங்க. மூணையும்."

"மூணா? உங்க வீட்டில் மூணு நெட் இருக்கா?"

"ஆளுக்கு ஒண்ணுங்க."

"வசதியான வீடுதான்" என்றார் தேவசகாயம். "பெட்டியைத் தனியா வெச்சீங்களா? வைரஸ் மத்ததுக்கும் பரவிரும், ஜாக்கிரதை."

தனியாகத்தான் வைத்திருந்தார்கள். வைரஸ் என்றால் என்ன, திரையில் சிவப்பு என்றால் என்ன, இதெல்லாம் அந்த வீட்டுக்குத் தெரியாததா? அம்மை போட்டிருக்கிறது. பெட்டியை உள் அறையில் வாழை இலையில் கிடத்தி, வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினார்கள். யாரும் வெளியூர் போகக் கூடாது, தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. நாச்சிமுத்து வேப்பங்கொத்தால் மானிட்டரை மெதுவாக வருடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "அரிக்குதா சாமி?" என்று இடையிடையே கேட்டார்.

"அது கிடக்கட்டும்" என்றார் தேவசகாயம் போனில். "போன வருசம் சொன்னேனே, பேக்கப் எடுத்து வெச்சிருக்கீங்களா? அது இருந்தா கவலையே இல்லை."

குழந்தைசாமிக்கு உயிர் வந்தது. "இருக்குங்க! பரண் மேல இருக்குங்க!"

உண்மைதான். போன வருடம், கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள் என்று அவர் சொன்ன அன்றே கடைவீதிக்குப் போய் நல்ல ஜிப் வைத்த பேக் ஒன்று வாங்கினார்கள். அதன் வாயைத் திரைக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து மதியம் வரை மாறி மாறி நின்றார்கள். எல்லாம் இறங்கியிருக்கும் என்று தோன்றியதும் ஜிப்பை இழுத்து மூடி, 'அப்' என்றால் மேலே என்பதால் பரணில் ஏற்றினார்கள்.

இப்போது மூவரும் அந்தப் பேக்கைக் குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார்கள். ஜாதகம் சிந்திவிடாமல் இருக்கக் கீழே வேட்டி விரித்தார்கள். சென்னியப்பன் ஜிப்பைத் திறந்தார். உள்ளே இருந்து ஒரு கரப்பான்பூச்சி வந்தது.

"இதுதான் அந்த வைரஸ்!" என்று நாச்சிமுத்து செருப்பை எடுத்தார். மூன்று அடியில் வைரஸ் செத்தது. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். திரை அதே சிவப்பு.

"ஜோடி இருக்கும்" என்றார் சென்னியப்பன். "இது ஒத்தையில் வராது."

குழந்தைசாமி காலிப் பேக்குக்குள் கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினான். முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக, அண்ணன்களுக்கும் தெரியாத விஷயங்கள் உலகத்தில் இருக்குமோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. தட்டிய வேகத்தில் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை தேவசகாயம் களைத்துப்போன குரலில், "எதுக்கும் ஒரு ஃபுல் ஸ்கேன் பண்ணிப் பாருங்க" என்றார்.

பெட்டிக்குப் போர்வை போர்த்தி, வேப்பிலை சுற்றி, ஆட்டோவில் ஏற்றி, டவுனில் இருக்கும் ஸ்கேன் சென்டருக்குக் கொண்டுபோனார்கள். வரிசையில் கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு எழுதும் பெண் தலை நிமிராமலே கேட்டாள்.

"யாருக்குப் பார்க்கணும்?"

"இதுக்குத்தானுங்க" என்று சென்னியப்பன் போர்வையைக் காட்டினார்.

"வயசு?"

"ஆறுங்க."

"குழந்தை பேரு?"

"குழந்தைசாமிங்க" என்றான் குழந்தைசாமி, தன்னைக் கேட்கிறாள் என்று எண்ணி.

"வயிறு ஸ்கேனா? அப்போ ஒன்றரை லிட்டர் தண்ணி குடிக்க வைங்க. வயிறு முட்டினதும் உள்ளே அனுப்பறேன்" என்று பெரிய பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

மூவரும் வெளியே வேப்பமரத்தடியில் பெட்டியை வைத்து ஆலோசித்தார்கள்.

"வாய் எதுடா?" என்றார் நாச்சிமுத்து.

"மேல கம்பி கம்பியா இருக்கே, அங்கே ஊத்தலாம்" என்றார் சென்னியப்பன். "மெதுவா ஊத்து. புரை ஏறிரும்."

அவர் மூடியைத் திருகிப் பாட்டிலைச் சாய்த்தார். அந்தக் கணத்தில் குழந்தைசாமிக்கு என்னவோ ஆயிற்று. அந்தப் பெட்டிக்குள்தான் அவன் ஜாதகம் இருந்தது. அந்தப் பற்களின் இடைவெளியும் அதற்குள்தான் இருந்தது. தண்ணீரில் காகிதம் ஊறுவதை அவன் பார்த்திருக்கிறான். "வேண்டாங்ணா!" என்று பாய்ந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு, பாட்டிலைப் பிடுங்கி, ஒன்றரை லிட்டரையும் தானே மடமடவென்று குடித்துவிட்டான்.

தம்பி அண்ணன்கள் பேச்சைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"அதுக்கு வர்ற நோவைத் தான் வாங்கிக்கிறான்" என்று நாச்சிமுத்து கண் கலங்கினார்.

சற்று நேரத்தில் சீட்டுப் பெண் 'குழந்தைசாமி' என்று கூப்பிட்டாள். வயிறு முட்டி நின்றவனைப் படுக்க வைத்து ஸ்கேன் செய்தார்கள். எல்லாம் நல்லபடியாக இருப்பதாகவும் கல் எதுவும் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ரிப்போர்ட்டைப் பெட்டியின் மேல் செலோடேப் போட்டு ஒட்டி, வீட்டுக்கு வந்தார்கள்.

சனிக்கிழமை தேவசகாயம் கடைசியாகப் பேசினார். மேளம் ஓய்ந்திருந்தது. "இனிமே வராம இருக்கறதுக்குச் சொல்றேன், எழுதிக்குங்க. உங்க விண்டோஸ் ரொம்பப் பழசு. அதில் இருக்கிற ஓட்டை வழியாத்தான் இதெல்லாம் உள்ளே வரும். புதுசு போடணும். ஃபயர்வால் எப்பவும் ஆன்ல இருக்கணும். தெரியாதவங்க கிட்டே இருந்து என்ன வந்தாலும் திறக்காதீங்க. தெரிஞ்சவங்க பேர்ல வந்தாலும், அவங்களுக்கு ஒரு போன் போட்டு நீங்கதானான்னு கேட்டுட்டுத் திறங்க. அதிலும், அதோட கூட ஏதாவது சேர்த்து அனுப்பியிருந்தா ரொம்ப ஜாக்கிரதை."

சென்னியப்பனுக்கு உள்ளங்கை போதாமல் முழங்கை வரை எழுத வேண்டியிருந்தது.

தச்சர் வந்து வீட்டின் நான்கு ஜன்னல்களையும் பெயர்த்தார். புதியது திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்றதால் அதுவரை பலகை வைத்து ஆணி அடித்தார். வீட்டுக்குள் பட்டப்பகலில் இருட்டு. ஃபயர் என்றால் நெருப்பு, வால் என்றால் சுவர் என்று தச்சரே விளக்கினார். மதில் சுவர் நெடுகச் சூடம் ஏற்றினார்கள். தெருவில் போனவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் தேங்காய் உடைத்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"யாரது?" என்றார் சென்னியப்பன்.

"நாந்தானுங்க, ராக்கியண்ணன். பொண்ணு வீடு."

குழந்தைசாமி தாழ்ப்பாளில் கை வைத்தான். சென்னியப்பன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "தெரிஞ்சவங்க பேர்ல வந்திருக்குடா" என்று கிசுகிசுத்தார். முழங்கையைப் பார்த்துவிட்டுப் போன் போட்டார். கதவுக்கு வெளியே மணி அடித்தது.

"ஹலோ, சென்னியப்பன் பேசறனுங்க. நீங்க நீங்கதானுங்களா?"

"நான் நான்தானுங்க. உங்க கதவுக்கு முன்னாடிதான் நிக்கறேன்."

"அப்படித்தான் கதவுக்கு முன்னாடி ஒருத்தர் சொல்றாருங்க. அது நிசமான்னு கேட்கத்தான் போன் போட்டேன்."

"நிசம்தானுங்க" என்று போனும் கதவும் ஒரே குரலில் சொல்லின.

"கூட ஏதாவது சேர்த்து வந்திருக்குங்களா?"

"பூ, பழம், என் சம்சாரம், பொண்ணு, ஜோசியர், அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி."

"ரொம்ப ஜாக்கிரதை!" என்று நாச்சிமுத்து கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

குழந்தைசாமிக்குப் பொறுக்கவில்லை. கதவிடுக்கில் வாயை வைத்து, "ஏனுங்க, கோகிலவாணிங்களா? கொஞ்சம் சிரிங்க" என்றான். வெளியே யாரோ சிரித்தார்கள். அவன் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். பற்களுக்கு நடுவே அந்த இடைவெளி. "அவங்கதாண்ணா!" என்று தாழ்ப்பாளைத் திறந்தே விட்டான். இது இரண்டாவது தடவை.

இருட்டு வீட்டுக்குள் எல்லோரும் தட்டுத் தடுமாறி உட்கார்ந்தார்கள். காலுக்கடியில் ரூபாய் நோட்டுகள் சரசரத்தன. "சம்பந்தி வீட்டில் பணம் காலில் மிதிபடுது" என்று ராக்கியண்ணன் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஜாதகம் கொண்டு வாங்க" என்றார் ஜோசியர்.

குழந்தைசாமி எழுந்து நின்றான். உண்மையைச் சொன்னான். ஜாதகம் பூட்டிக்கொண்டது, சாவி எவனிடமோ இருக்கிறது, பதினெட்டாவது வீடும் போய்விட்டது என்று தனக்குத் தெரியும் என்றான்.

ராக்கியண்ணன் தலையைச் சொறிந்தார். "எங்க பொண்ணு ஜாதகமும் அப்படித்தானுங்க ஆயிருச்சு. அதனாலதான் பெட்டியையே தூக்கிட்டு வந்தோம். புதன்கிழமை உங்க பெரியண்ணன் ஒரு மெயில் அனுப்பினாருங்களே, பார்சல் வருதுன்னு? அதைத் திறந்தோமுங்க."

எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள்.

"நமக்கு வர்றது சம்பந்தி வீட்டுக்கும் வரட்டுமேன்னு அனுப்பினேன்" என்றார் அவர் அடக்கமாக.

இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட விட்டார்கள். இரண்டிலும் அதே சிவப்பு, அதே மண்டையோடு, அதே வணக்கம். ஜோசியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். நாற்பது வருட அனுபவத்தில் அவர் அப்படி ஒரு பொருத்தத்தைப் பார்த்ததில்லை.

"ஒரு கமா மாறலை!" என்றார் குரல் நடுங்க. "பத்துக்குப் பத்து. கண்டம்கூட ரெண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே நேரம். இவங்களைப் பிரிக்க யாராலும் முடியாது."

ராக்கியண்ணன் மகளைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா அம்மணி?" என்றார். நாச்சிமுத்து அதற்குள் ஸ்கேன் சென்டர் கதையைச் சொல்லி முடித்திருந்தார். கோகிலவாணி பெட்டியில் ஒட்டியிருந்த ரிப்போர்ட்டை மண்டையோட்டு வெளிச்சத்தில் முழுக்கப் படித்தாள்.

"கல் இல்லையாம்ப்பா" என்றாள். "சம்மதம்."

திங்கட்கிழமை தேவசகாயம் வந்தார். அரை நாள் வேப்பிலை பொறுக்கிவிட்டு, இரண்டு பெட்டிகளையும் அடியோடு துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். பழைய கோப்பு ஒன்றுகூடத் தேறாது என்று வருத்தத்தோடு சொன்னார். மூவரும் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள்.

அதன் பிறகு சென்னியப்பன் தம்பிகளைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார். "பதினேழு ஜோசியர் சேர்க்க முடியாததை ஒருத்தர் உட்கார்ந்த இடத்தில் சேர்த்து வெச்சிருக்கார். அவருக்குப் பத்திரிகை வைக்கலைன்னா நாம மனுசங்களா?"

அந்தச் சிவப்புத் திரையில் இருந்து முன்பே எழுதி வைத்திருந்த மெயில் முகவரிக்குக் கல்யாணப் பத்திரிகை போனது. 'தாங்கள் குடும்பத்தோடு இரண்டு நாள் முன்னதாகவே வந்திருந்து' என்று நாச்சிமுத்து தன் கையாலேயே அடித்தார். பதில் வரவில்லை. பதில் போடாதவர் நேரில் வருவார் என்று பொருள் கொண்டார்கள்.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே அண்ணன்கள் இருவரும் ரோஜா மாலையும் நாதஸ்வர கோஷ்டியுமாக வெள்ளரிப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார்கள். ஏழேகால் பஸ் வந்தது. குக்கர் வாஷர் விற்கிற ஒருவர் பஸ்ஸில் தூங்கிப்போய், வழக்கத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே திடுக்கிட்டு விழித்து, கையில் பையோடு தனியாக இறங்கினார். அவ்வளவுதான். கெட்டிமேளம் முழங்கியது. மாலை விழுந்தது. இரண்டு பேரும் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் மணமேடைக்குப் பக்கத்தில் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் தாலி கட்டிய கையோடு முதலில் அவர் காலில்தான் விழுந்தார்கள்.

"கம்ப்யூட்டருக்குள்ளே புகுந்து பூட்டினவர் இவர்தானுங்க" என்று சென்னியப்பன் வந்தவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்தார். ஊரே வரிசையில் வந்து கும்பிட்டது.

அந்த மனிதர் நடுநடுங்கிப்போய், "ஐயா, சத்தியமா நான் அந்தத் திருடன் இல்லீங்க! நான் வாஷர் விக்கறவனுங்க!" என்றார்.

"எந்தத் திருடன்டா கேட்டவுடனே ஒத்துக்கிட்டிருக்கான்?" என்று நாச்சிமுத்து தம்பியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.